முகத்தில் சிரிப்பே இல்லை... உலகமே சிரித்தது! காமெடி இன்ஜினீயர் பஸ்டர் கீட்டனின் கதை

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது இந்த க்ளிப் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் படம். சூறாவளி சுழன்று அடிக்கிறது. ஒல்லியான ஓர் ஆள் தெருவில் திருதிருவென நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் முன்சுவர் மொத்தமாகப் பெயர்ந்து அவர் தலைமேலேயே விழுகிறது. அவர் நிற்கும் இடத்துக்கு நேராக மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. சுவர் தரையில் விழ, ஜன்னல் ஓட்டைக்குள் ஆள் அப்படியே நிற்கிறார். கீறல்கூட இல்லை!

இதை கிராஃபிக்ஸ் என்று நினைத்தால், ஸாரி பாஸ். 1928-ல் வெளியான 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் காட்சி அது. சுவர் நிஜம், எடை சுமார் 2 டன். ஜன்னல் சட்டத்துக்கும் அவர் உடம்புக்கும் நடுவே சில அங்குலங்கள்தான் இடைவெளி. ஓரடி தள்ளி நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். டூப் கிடையாது. படப்பிடிப்பில் இருந்தவர்களிலேயே சிலர் அதைப் பார்க்கும் தைரியமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

அந்த ஆள் பெயர் பஸ்டர் கீட்டன். நடிகர், இயக்குநர், ஸ்டன்ட்மேன், எடிட்டிங் மேஜையிலும் உட்காருபவர். சார்லி சாப்ளினைத் தெரியாதவர்கள் நம் ஊரில் இல்லை. அதே காலத்தில், அதே ஊரில், அவருக்குச் சரிசமமாக நின்ற கீட்டனை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. சுவர் விழுந்தபோது அசையாமல் நின்ற அதே மனுஷன், அதே வருடத்தில் போட்ட ஒரு கையெழுத்தால்தான் சரிந்தார். அந்தக் கதைதான் இது.

முதுகில் தைத்த கைப்பிடி

1895 அக்டோபர் 4, அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்தில் பிக்குவா என்ற குட்டி ஊர். ஊர் ஊராகப் போய் மேடை நிகழ்ச்சி நடத்தும் ஜோ கீட்டன், மைரா தம்பதிக்குப் பிறந்தார் ஜோசப் ஃபிராங்க் கீட்டன். மருந்து விற்கும் நாடோடிக் கம்பெனி ஒன்றில் அப்பாவோடு சேர்ந்து வேலை பார்த்தவர் யார் தெரியுமா? பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மேஜிக் நிபுணர் ஹாரி ஹௌடினி. குழந்தை மாடிப்படியில் உருண்டு விழுந்து அழாமல் எழுந்ததைப் பார்த்து, ஹௌடினிதான் பஸ்டர் என்று பெயர் வைத்தார் என்பது கீட்டன் குடும்பம் சொல்லி வந்த கதை. ஆய்வாளர்கள் இதை முழுசாக நம்புவதில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார். 'தி த்ரீ கீட்டன்ஸ்' என்ற அந்தக் குடும்ப நிகழ்ச்சியின் விஷயமே ரொம்ப சிம்பிள். பையன் சேட்டை செய்வான், அப்பா அவனைத் தூக்கி எறிவார். மேடையின் ஓரத்துக்கு, திரைச்சீலை மேலே, சில சமயம் கீழே இருக்கும் வாத்தியக்காரர்கள் மேலேயும்! தூக்கி எறிய வசதியாக, பையனின் சட்டைக்கு முதுகுப் பக்கம் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று புகார் போய், குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பினர் பலமுறை விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். உடம்பில் காயமில்லை என்று திரும்பிப் போவார்கள்.

விழும்போது அடிபடாமல் எப்படி விழுவது என்பதை எல்.கே.ஜி வயதிலேயே கற்றுக்கொண்டார் கீட்டன். இன்னொரு பாடமும் அங்கேதான் கிடைத்தது. விழுந்து எழுந்து தானும் சிரித்தால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டால் அரங்கமே அதிர்கிறது. அன்றைக்கு மூடிய வாய்தான். பிற்காலத்தில் அமெரிக்கா அவருக்கு வைத்த பட்டப்பெயரே, கல்முகம்!

இதையெல்லாம் இன்றைய கண்ணோடு பார்த்தால் சிரிப்பு வராது. அந்த அப்பாவின் குடிப்பழக்கம் முற்றியது. ஒரு கட்டத்தில் குடிபோதையில் இருக்கும் ஆள் தூக்கி எறிய, அதிலிருந்து தப்பிப்பதே ஆபத்தாகிவிட்டது. 1917-ல் அந்தக் குழு கலைந்தது. கீட்டனுக்கு வயது 21.

கேமராவைப் பிரித்துப் போட்ட பையன்

நியூயார்க்கில் பெரிய மேடை நிகழ்ச்சி ஒன்றில் வாரம் 250 டாலர் சம்பளத்துக்கு வேலை உறுதியாகியிருந்தது. அந்த நேரத்தில்தான், அன்றைய சூப்பர் ஸ்டார் காமெடியன் ராஸ்கோ ஆர்பக்கிளின் ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தார். அன்றைக்கே 'தி புட்சர் பாய்' என்ற குறும்படத்தில் ஒரு காட்சி. கீட்டனின் கண் நடிப்பைவிட கேமரா மேல்தான் போனது. அதை வாங்கிக்கொண்டு போய் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, திரும்ப மாட்டிக் கொடுத்தார். 250 டாலர் வேலையை உதறிவிட்டு, வாரம் 40 டாலருக்கு சினிமாவில் சேர்ந்துவிட்டார்.

அடுத்த மூன்று வருடங்கள் ஆர்பக்கிள்தான் குரு. நடுவில் முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போனார். அங்கே வந்த காது நோயால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. பேசாத படங்களின் ராஜாவுக்குக் காது மந்தம்!

1920-ல் தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க் அவருக்கென்று தனி யூனிட் அமைத்துக் கொடுத்தார். சாப்ளின் முன்பு பயன்படுத்திய ஸ்டூடியோவே கீட்டன் ஸ்டூடியோ ஆனது. முதலில் வெளிவந்த படம் 'ஒன் வீக்'. புதுமணத் தம்பதிக்கு ஒரு ரெடிமேட் வீடு பரிசாக வருகிறது. பெட்டிகளில் இருக்கும் எண்களைப் பார்த்துப் பாகங்களைப் பொருத்த வேண்டும். பொறாமை பிடித்த ஒருவன் எண்களை மாற்றி எழுதிவிட, கதவு மாடியில் முளைக்கிறது, வீடு கோணல் மாணலாக நிற்கிறது, புயலில் ராட்டினம் போலச் சுற்றுகிறது. ஆன்லைனில் அலமாரி வாங்கி ஸ்க்ரூ மிச்சமாகி முழித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நூறு வருடப் பழைய இந்தப் படத்துக்கு இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

ஸ்கிரிப்ட் இல்லை, கணக்கு உண்டு

கீட்டன் வேலை பார்த்த விதமே தனி. எழுதி வைத்த திரைக்கதை கிடையாது. தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டால் போதும், நடுப்பகுதி தானாக வரும் என்று இறங்கிவிடுவார். ஐடியா வரவில்லையா? மொத்த யூனிட்டும் பேஸ்பால் ஆடப் போய்விடும். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது பொறி தட்டினால், மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஷூட்டிங்.

ஆனால் கேமரா முன்னால் வந்துவிட்டால் அங்குலக் கணக்கு. 'தி பிளேஹவுஸ்' (1921) படத்தில் ஒரே ஃப்ரேமில் 9 கீட்டன்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸே இல்லாத காலம். லென்ஸின் ஒரு கீற்றை மட்டும் திறந்து ஒருவரைப் படம் பிடித்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த கீற்றைத் திறந்து அடுத்தவரைப் படம் பிடித்து... இப்படி 9 தடவை. கேமராவைக் கையால் சுற்றிய ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியின் வேகம் ஒரு தடவை பிசகினாலும் எல்லாம் பாழ்.

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) இன்னும் வேற லெவல். தியேட்டர் ஆபரேட்டர் ஒருவன் தூங்கிப்போய், கனவில் ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள்ளேயே நுழைகிறான். காட்சி மாற மாற அவன் மட்டும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு தடுமாறுகிறான். தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போனால், அது தெருவாகிவிடுகிறது. பாறை மேல் நின்று கடலில் குதித்தால், பனியில் போய்க் குத்துகிறான். நில அளவையாளர்கள் வைத்திருக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு ஷாட்டிலும் அளந்து எடுத்தார்கள். அதே படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீரின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து பின்கழுத்தில் அடிபட்டது. கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான் என்று வேலையைத் தொடர்ந்தார். பல வருடங்கள் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்து ஒட்டியிருப்பதே தெரிந்தது.

ரசிகனின் நாடி பிடிப்பதிலும் ஆள் கில்லாடி. 'செவன் சான்ஸஸ்' (1925) படத்தை வெளியிடும் முன் ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார். க்ளைமாக்ஸில் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆனால் சரிவில் ஓடும்போது தற்செயலாக இரண்டு மூன்று கற்கள் உருண்டு அவரைத் துரத்திய ஒரு நொடியில் சிரிப்பு வெடித்தது. உடனே திரும்பிப் போய், காகிதக்கூழில் சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட பாறைகளைச் செய்து, மலையிலிருந்து உருட்டிவிட்டு, அவை துரத்தத் துரத்த ஓடினார். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான் என்று ஆகிவிட்டது.

தலைமேல் விழும் சுவருக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 1919-ல் ஆர்பக்கிளின் 'பேக் ஸ்டேஜ்' படத்தில் நாடகத் தட்டி ஒன்று விழும் ஜோக்காக அது ஆரம்பித்தது. 'ஒன் வீக்'கில் கொஞ்சம் வளர்ந்தது. 9 வருடம் கழித்து 2 டன் சுவரானது. ஒரே ஐடியாவை விடாமல் பட்டை தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆற்றில் விழுந்த ரயில்

1926. கனவுப்படம் 'தி ஜெனரல்'. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-ல் நடந்த நிஜ ரயில் கடத்தல்தான் கரு. ஓரிகன் மாகாணத்தின் காட்டேஜ் குரோவ் ஊரில் முகாம். துணை நடிகர்களாக வந்த ஓரிகன் தேசியக் காவல்படையினருக்கு வடக்குப் படை உடுப்பை மாட்டி ஒரு திசையில் ஓடவிட்டு, தெற்குப் படை உடுப்பை மாட்டி எதிர்த்திசையில் ஓடவிட்டார். அதே ஆட்கள், இரண்டு படைகள்!

எரியும் மரப்பாலத்தில் ஏறும் ரயில் இன்ஜின் பாலத்தோடு ஆற்றில் விழும் காட்சிக்கு, நிஜ இன்ஜினையே விழவைத்தார். ஒரே டேக். ஏறத்தாழ 42,000 டாலர் செலவு. மௌனப்படக் காலத்தின் மிகக் காஸ்ட்லியான ஒற்றை ஷாட் என்று இதைத்தான் சொல்வார்கள். விழுந்த இன்ஜின் பல வருடங்கள் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்புக்காகத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள்.

படம்? ஊத்திக்கிச்சு. விமர்சகர்களில் பலர் இழுவை என்றார்கள். போரைப் பற்றிய காமெடி சிலருக்குப் பிடிக்கவில்லை. செலவுக்கேற்ற வசூலும் இல்லை. தெற்குப் படையின் பக்கம் நின்று கதை சொல்வது இன்றைக்குப் பார்க்கும்போது நமக்கும் நெருடும். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட பக்கம் அது. அவருடைய வேறு சில படங்களில், வெள்ளையர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி வரும் அந்தக்கால ஜோக்குகளும் உண்டு. மேதைதான், ஆனால் தன் காலத்தின் அழுக்கும் ஒட்டியிருந்த மேதை.

ஒரே ஒரு கையெழுத்து

இங்கேதான் கதை திரும்புகிறது. சாப்ளினுக்குச் சொந்த ஸ்டூடியோ இருந்தது, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தில் பங்கு இருந்தது. இன்னொரு போட்டியாளரான ஹரால்ட் லாய்டு தன் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருந்தார். கீட்டன் பெயரிலும் ஒரு கம்பெனி ஓடியது. ஆனால் அந்த பஸ்டர் கீட்டன் புரொடக்‌ஷன்ஸில் பஸ்டர் கீட்டனுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது! சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் வரும், அவ்வளவுதான். ஸ்கெங்க், மனைவி நேட்டலி டால்மட்ஜின் அக்காவின் கணவர். குடும்பத்துக்குள்ளே என்ன கணக்கு வழக்கு என்று விட்டுவிட்டார். ஃப்ரேமுக்குள் அங்குலக் கணக்கு பார்த்தவர், பத்திரத்தைக் கண்டுகொள்ளவில்லை.

1928-ல் ஸ்கெங்க் தன் தயாரிப்பு யூனிட்டை மூடிவிட்டு, எம்.ஜி.எம் ஸ்டூடியோவுக்குப் போகச் சொன்னார். போகாதே என்று சாப்ளினும் லாய்டும் எச்சரித்தார்கள். கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வாரம் 3,000 டாலர். அன்றைக்கு அது பெரும்பணம். அங்கே எடுத்த முதல் படமான 'தி கேமராமேன்' அருமையாகவே வந்தது. அதன்பிறகு ஸ்டூடியோவின் பிடி இறுகியது. நினைத்த நேரத்தில் ஐடியா மாற்ற முடியாது, எல்லாம் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும், ஆபத்தான ஸ்டன்ட் வேண்டாம் என்று ஆயிரம் கண்டிஷன். பேஸ்பால் ஆடி ஜோக் கண்டுபிடித்தவருக்கு மீட்டிங் மேல் மீட்டிங்.

பேசும் படங்கள் வந்ததால்தான் கீட்டன் காணாமல்போனார் என்று பலரும் நினைக்கிறார்கள். அவருடைய ஆரம்பகாலப் பேசும் படங்கள் வசூலில் நன்றாகவே ஓடின. டப்பிங் இல்லாத அந்தக் காலத்தில், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து அந்த மொழிப் பதிப்புகளிலும் அவரே நடித்தார். பிரச்னை குரலில் இல்லை. மற்றவர்கள் எழுதிய சுமாரான ஜோக்குகளை, மற்றவர்கள் சொன்னபடி செய்ய வேண்டியிருந்தது. படம் ஓடியதாலேயே, தான் சொல்வதுதான் சரி என்று ஸ்டூடியோ நினைத்தது.

அப்பாவைச் சாய்த்த குடி, மகனையும் பிடித்தது. 1932-ல் விவாகரத்து. பெவர்லி ஹில்ஸில் ஆசையாகக் கட்டிய மாளிகை போனது. இரண்டு மகன்களையும் மனைவி அழைத்துக்கொண்டு போய், அவர்கள் பெயரிலிருந்து கீட்டனையும் நீக்கிவிட்டார். 1933-ல் எம்.ஜி.எம் வேலையை விட்டுத் தூக்கியது. 1935-ல் மருத்துவமனையில் அடைத்துச் சிகிச்சை தர வேண்டிய நிலை. அவசரத்தில் செய்த இரண்டாவது கல்யாணமும் நிற்கவில்லை. 40 வயதில் எல்லாம் முடிந்துபோன ஆள் என்றுதான் ஹாலிவுட் முடிவுகட்டியது.

வாரம் 100 டாலர்

அதே எம்.ஜி.எம்-முக்கே திரும்பி வந்தார். இந்த முறை நட்சத்திரமாக இல்லை, அடுத்தவர் படங்களுக்கு ஜோக் யோசித்துக் கொடுக்கும் ஆளாக. சம்பளம் வாரம் 100 டாலர். 3,000 வாங்கிய அதே வாசலில் 100-க்கு உள்ளே போவதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்? 1938-ல் மூன்று குறும்படங்களை இயக்கும் வாய்ப்பு வந்தது. மார்க்ஸ் பிரதர்ஸுக்கும் ரெட் ஸ்கெல்டனுக்கும் ஜோக் கட்டிக் கொடுத்தார். ஸ்கெல்டனின் 'எ சதர்ன் யாங்கி' (1948) படத்தில் ஒரு காட்சி: இரண்டு படைகளுக்கு நடுவே ஹீரோ நடந்து போகிறான். இந்தப் பக்கம் பார்த்தால் வடக்குப் படை உடுப்பும் கொடியும், அந்தப் பக்கம் பார்த்தால் தெற்குப் படை உடுப்பும் கொடியும். இரண்டு பக்கமும் கைதட்டுகிறார்கள். காற்று திரும்பிக் கொடி புரளும்வரை! அது கீட்டன் மூளையில் உதித்தது. கைதட்டல் ஸ்கெல்டனுக்கு.

எம்.ஜி.எம்-மில் இருந்த இளம் நடிகை ஒருவருக்கு, கையில் கிடைக்கும் பொருளை வைத்து எப்படிச் சிரிக்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அவர்தான் லூசில் பால். 1951-ல் 'ஐ லவ் லூசி' என்ற தொடர் மூலம் அமெரிக்க டி.வி காமெடியின் ராணியானவர்.

சொந்த வாழ்க்கையிலும் வெளிச்சம் வந்தது. 1940-ல் எலியனோர் நாரிஸ் என்ற நடனக் கலைஞரை மணந்தார். அவருக்கு 44, எலியனோருக்கு 21. இது நிலைக்காது என்றார்கள் நண்பர்கள். கடைசிவரை நிலைத்தது. பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸில் இருவரும் சேர்ந்தே மேடையேறினார்கள்.

டி.வி கொடுத்த மறுபிறவி

மற்ற சினிமாக்காரர்கள் டி.வி-யைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்த நேரத்தில், கீட்டன் உள்ளே குதித்தார். 1950-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளூர் சேனலில் 'தி பஸ்டர் கீட்டன் ஷோ', நேரடி ஒளிபரப்பு. 54 வயதிலும் அதே குட்டிக்கரணம், அதே கல்முகம். வாரா வாரம் புதுசாகக் கொடுப்பது மூச்சு முட்ட வைக்க, தொடர் நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் இந்த ஆள் இன்னும் இருக்கிறார் என்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது. விருந்தினராக ஒரு நிகழ்ச்சி, விளம்பரத்தில் ஒரு முகம் என்று ஓய்வில்லாத ஓட்டம். 1961-ல் புகழ்பெற்ற 'தி ட்வைலைட் ஸோன்' தொடரின் ஒரு எபிசோடில், 1890-லிருந்து எதிர்காலத்துக்கு வந்து மாட்டிக்கொள்பவராக வந்தார். எபிசோடின் தொடக்கமே மௌனப்பட ஸ்டைல்தான்.

பழைய படங்கள்? பல பிரதிகள் அழிந்துவிட்டன என்றே நினைத்திருந்தார்கள். அவர் இழந்த மாளிகையைப் பின்னால் வாங்கியவர் நடிகர் ஜேம்ஸ் மேசன். அங்கே பூட்டிக் கிடந்த இடத்தில் கீட்டனின் பழைய ஃபிலிம் சுருள்கள் கிடைத்தன. அவை பிழைத்தன, திரையரங்குகளுக்குத் திரும்பின. 1960-ல் கௌரவ ஆஸ்கர். 1965-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

1964-ல், 69 வயதில், கனடாவில் 'தி ரெயில்ராடர்' குறும்படத்தில் நடித்தார். குட்டி ரயில் வண்டியில் நாட்டையே குறுக்காகக் கடக்கும் கதை. உயரமான பாலத்தில் போகும்போது பெரிய மேப் ஒன்று காற்றில் விரிந்து அவரையே சுற்றிக்கொள்ள வேண்டும். வேண்டாம், ஆபத்து என்றார் இளம் இயக்குநர். முகம் சிவந்துவிட்டது பெரியவருக்கு. ஜோக் எது, ஆபத்து எது என்று தனக்குத் தெரியும் என்பது அவர் வாதம். கடைசியில் அப்படியே செய்தார். எம்.ஜி.எம்-மில் தோற்ற சண்டையை முப்பது வருடம் கழித்து ஜெயித்த மாதிரி இருந்தது அது.

1966 பிப்ரவரி 1-ல், நுரையீரல் புற்றுநோயால் கீட்டன் இறந்தார். வயது 70. நோயின் தீவிரத்தை எலியனோர் அவரிடம் சொல்லவே இல்லை. அடுத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

ஊத்திக்கொண்ட 'தி ஜெனரல்', 1972-ல் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்த உலகின் தலைசிறந்த 10 படங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. 1989-ல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலைத் தொடங்கியபோது முதல் வருடமே சேர்க்கப்பட்டது. ஜாக்கி சான் 'புராஜெக்ட் ஏ 2' படத்தில் அந்த விழும் சுவர் காட்சியைத் திரும்பச் செய்து வணக்கம் வைத்தார்.

அவருடைய 1920-களின் படங்கள் பலவும் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது என்று குழப்பமா? 'ஒன் வீக்' பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிடித்திருந்தால் 'ஷெர்லாக் ஜூனியர்', முக்கால் மணி நேரம். அதன்பிறகு 'தி ஜெனரல்' பார்க்கச் சொல்லி யாரும் உங்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டியிருக்காது.

அப்புறம், அடுத்த முறை ஆபீஸில் காகிதம் எதையாவது நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால், கீட்டனை நினைத்துக்கொண்டு ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள் மக்களே!